சிலந்தி, சிலிண்டர், சோப்பு

இந்தமுறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பயத்தைப் பற்றியவை. சில கடிதங்கள் நான்கைந்து பக்கம் நீளம். சுருக்கியிருக்கிறேன், பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: பாத்ரூம் சுவரில் எட்டுக்கால் பூச்சி இருந்தால் எனக்குக் கை கால் ஓடாது. தூங்குகிற கணவரை எழுப்பி விரட்டச் சொல்வேன். "உள்ளங்கை அளவு இருக்கு" என்பேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு, எட்டணா அளவுகூட இல்லை என்று சிரிப்பார். இதுவும் ஓசிடியா டாக்டர்?

பதில்: முதலில், நான் டாக்டர் இல்லை, உளவியலாளர். மாத்திரை எழுதித் தர மாட்டேன்.

உங்களுடையது ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய் இல்லை, ஃபோபியா, அதாவது குறிப்பிட்ட ஒன்றைக் கண்டால் வரும் அளவுமீறிய பயம். பூச்சி கண்ணில் படாதவரை நீங்கள் பாட்டுக்கு இருக்கிறீர்கள். ஓசிடி உள்ளவருக்குப் பயப்படும் பொருள் எதிரில் இருக்க வேண்டியதே இல்லை. ஒரு எண்ணம் உள்ளே புகுந்தால் போதும். அதை அடக்க எதையாவது செய்தே ஆக வேண்டும். கழுவுவார், திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார், எண்ணுவார், மனதுக்குள் ஒரே வரியை நூறு தடவை சொல்வார். செய்ததும் கொஞ்சம் நிம்மதி, அப்புறம் மறுபடி சந்தேகம்.

அந்த நிம்மதி மட்டும் உங்களுக்கும் அவருக்கும் பொது. பாத்ரூமிலிருந்து வெளியே ஓடி வந்ததும் 'அப்பாடா' என்று இருக்கிறது இல்லையா? ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை அங்கேயே கணக்கு எழுதிவிடுகிறது. ஓடாமல் நின்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. கீழே வரப்போகிற எல்லாக் கேள்விகளிலும் இந்த நிம்மதிதான் வில்லன்.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2012-இல் வெளிவந்த ஆய்வில், சிலந்திக்குப் பயப்படுகிறவர்களை உயிருள்ள டரன்டுலா என்ற பெரிய சிலந்திக்குப் பக்கத்தில் வரவைத்து, பிறகு அதன் நீளத்தைக் கோடு போட்டுக் காட்டச் சொன்னார்கள். யாருக்குப் பயம் அதிகமோ அவர் போட்ட கோடும் நீளம். நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்களுக்கு அது உள்ளங்கை அளவாகத்தான் தெரிகிறது.

கேள்வி: என்னைச் சிலந்தி கடித்ததே இல்லை. வீட்டிலும் யாரையும் கடித்ததில்லை. பிறகு எங்கிருந்து வந்தது இந்தப் பயம்?

பதில்: இதற்கு ஒரே பதில் கிடையாது. 2017-இல் ஸ்டெஃபானி ஹோல் என்பவரும் கூட்டாளிகளும் ஆறு மாதக் குழந்தைகளுக்குப் படங்கள் காட்டினார்கள். பூவையும் மீனையும் பார்த்ததைவிடச் சிலந்தியையும் பாம்பையும் பார்த்தபோது கண்மணி அதிகமாக விரிந்தது. இதை வைத்து 'பிறவிப் பயம்' என்று செய்திகளில் எழுதினார்கள். அது அவசர முடிவு. கண்மணி விரிந்தால் உடம்பு உஷாராகிறது என்று மட்டும்தான் அர்த்தம். அந்த உஷார் பயமாக மாறுவது பெரும்பாலும் பிறகு, மற்றவர்களைப் பார்த்து.

இதற்கு உளவியலாளர் சூசன் மினெக்காவின் குரங்குச் சோதனை அழகான உதாரணம். ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த, பாம்பையே பார்த்திராத குரங்குகளுக்கு, இன்னொரு குரங்கு பாம்பைக் கண்டு அலறும் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். இவையும் பயப்படக் கற்றுக்கொண்டன. அதே அலறலைப் பூவைக் கண்டு அலறுவதுபோல ஒட்டிக் காட்டினால் பலிக்கவில்லை. சில பயங்களுக்கு மட்டும் நிலம் ஏற்கெனவே உழுது கிடக்கிறது. விதையை அம்மாவோ அக்காவோ போடுகிறார்கள்.

பிரிட்டிஷ் உளவியலாளர் கிரஹாம் டேவி 1990-களில் இன்னொன்றைச் சொன்னார்: சிலந்தி விஷயத்தில் பயத்தைவிட அருவருப்புக்குப் பங்கு பெரிது. எனக்கு இது சரி என்றுதான் படுகிறது. நம் ஊரில் உடம்பில் கொப்புளம் வந்தால் எட்டுக்கால் பூச்சி மேல் பழி போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடித்துச் சாவோம் என்பதைவிட, மேலே ஏறி ஏதோ ஒட்டிவிடும் என்ற கூச்சம்தான் அதில் தெரிகிறது. அசுத்தம் பற்றிய ஓசிடியும் இந்த அருவருப்பு வழியாகத்தான் உள்ளே வருகிறது.

கேள்வி: வேலைக்குக் கிளம்பும்போது கேஸ் அணைத்தேனா என்று ஐந்தாறு தடவை பார்ப்பேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்ததும் உண்டு. எனக்கு ஞாபக சக்தி போய்விட்டதா?

பதில்: போகவில்லை. ஐந்தாறு தடவை பார்ப்பதுதான் ஞாபகத்தின் மேல் இருக்கும் நம்பிக்கையைக் கெடுக்கிறது.

நெதர்லாந்தில் மார்செல் வான் டென் ஹவுட்டும் மெரெல் கின்டும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஓசிடி இல்லாத சாதாரண மாணவர்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பு. குமிழ்களைத் திருகி, அணைத்து, சரிபார்க்க வேண்டும். ஒரு குழு இதையே திரும்பத் திரும்பச் செய்தது. இன்னொரு குழுவுக்கு நடுவில் பல்புகளைச் சரிபார்க்கும் வேலை. கடைசியாக, எந்தக் குமிழ்களைத் தொட்டீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு சரியாகத்தான் சொன்னது. ஆனால் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஞாபகம் மங்கலாக இருந்தது, அதன் மேல் நம்பிக்கையும் போயிருந்தது. திரையில் இல்லாமல் நிஜ அடுப்பை வைத்து 2006-இல் கனடாவில் ஆடம் ராடோம்ஸ்கி குழுவினர் செய்து பார்த்தபோதும் நம்பிக்கை அதேபோல் சரிந்தது.

காரணம் எளிது. ஒரே காரியத்தை இருபது தடவை செய்தால் கை தானாகச் செய்யும், மனம் அங்கே இருக்காது. எந்தத் தடவை பார்த்தது எது என்று எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். மங்கலாக இருக்கிறதே, இன்னொரு முறை பார்ப்போம் என்று போவீர்கள். மேலும் மங்கும்.

ஆகவே ஒரே ஒரு தடவை பாருங்கள். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடும்போது கையையே பாருங்கள். கதவைப் பூட்டிவிட்டால் திரும்பாதீர்கள். முதல் வாரம் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது நரகமாக இருக்கும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடுப்பை போனில் படமெடுத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். நாளைக்கு அந்தப் படம் இன்றைக்கு எடுத்ததுதானா என்று சந்தேகம் வரும்.

கேள்வி: எனக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். ஆபீஸில் 'இவனுக்கு ஓசிடி' என்கிறார்கள்.

பதில்: மேசை அடுக்கியபின் சந்தோஷமாக இருக்கிறதா? அப்படியென்றால் ஓசிடி இல்லை.

கேள்வி: பிள்ளை பிறந்து மூன்று மாதம். மாடிப்படியில் இறங்கும்போது 'கீழே போட்டுவிட்டால்' என்று ஒரு எண்ணம் வெட்டுகிறது. கத்தியைத் தொடவே பயமாக இருக்கிறது. நான் கெட்டவளா? யாரிடமும் சொன்னதில்லை.

பதில்: இல்லையம்மா. லண்டனில் ஸ்டான்லி ராக்மனும், இலங்கையிலிருந்து சென்று அங்கே பணியாற்றிய பத்மல் டி சில்வாவும் 1978-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்த மனநோயும் இல்லாதவர்களிடம், விரும்பாத எண்ணங்கள் திடீரென்று வருவதுண்டா என்று கேட்டார்கள். சுமார் 80 சதவீதம் பேர் உண்டு என்றார்கள். யாரையாவது தள்ளிவிடுவது, கோயிலிலோ சர்ச்சிலோ அசிங்கமாகக் கத்துவது மாதிரியான எண்ணங்கள். அவற்றையும் ஓசிடி நோயாளிகளின் எண்ணங்களையும் கலந்து கொடுத்தபோது, எது யாருடையது என்று பிரிக்க நிபுணர்களே தடுமாறினார்கள். 2014-இல் 13 நாடுகளில் 777 மாணவர்களிடம் கேட்டபோது 94 சதவீதம் பேர், முந்தைய மூன்று மாதத்தில் ஒன்றாவது வந்தது என்றார்கள்.

எண்ணம் எல்லாருக்கும் வருகிறது. பெரும்பாலோர் 'சீ' என்று தள்ளிவிட்டு நடக்கிறார்கள். சிலர் 'இப்படி நினைத்தேன் என்றால் நான் எப்படிப்பட்டவள்' என்று நின்றுவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கத்தியை ஒளித்துவைத்தால் எண்ணம் கூடும். சமையல் செய்யுங்கள், பிள்ளையைத் தூக்குங்கள். இந்த எண்ணம் உங்களை நடுங்க வைக்கிறது என்பதே நல்ல அறிகுறி. ஆனால் தூக்கமே இல்லாமல் போனாலோ, காதில் யாரோ கட்டளையிடுவது போலவோ, அப்படிச் செய்வதுதான் சரி என்றோ தோன்றினாலோ அது வேறு விஷயம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். எப்படியிருந்தாலும் கணவரிடமோ அம்மாவிடமோ இன்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒரே மாத்திரையில் சிலந்திப் பயம் அழிந்துவிடும் என்று வாட்ஸப்பில் வந்தது. நிஜமா?

பதில்: பாதி நிஜம். ஆம்ஸ்டர்டாமில் கின்டும் சோட்டரும் 2015-இல் 45 பேரை வைத்துச் செய்தது. டரன்டுலாவை இரண்டு நிமிடம் எதிர்கொள்ள வைத்து, உடனே சிலருக்கு இதயப் படபடப்பைக் குறைக்கும் ப்ராப்ரனலால் மாத்திரை 40 மில்லிகிராம் கொடுத்தார்கள். அவர்களால் பிறகு சிலந்தியைத் தொட முடிந்தது. ஆனால் பயத்தின் நினைவை இப்படி மாற்றப் பார்த்த வேறு சோதனைகள் எல்லா முறையும் பலிக்கவில்லை. ஆஸ்துமாக்காரர்களுக்கு அந்த மாத்திரை ஆபத்து. மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள்.

அதைவிட நம்பகமான, பழைய வழி இருக்கிறது. ஸ்வீடனின் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1989-இல் எழுதியது: அதிகபட்சம் மூன்று மணி நேரம், ஒரே அமர்வு. சிலந்தியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பிடிப்பதில் தொடங்கி, கையில் விடுவது வரை, சிகிச்சையாளர் முதலில் செய்து காட்டிக் கூடவே இருப்பார். சிலந்தி உட்பட வெவ்வேறு ஃபோபியா உள்ள 20 பேரில் 90 சதவீதத்தினர், சராசரியாக நான்கு வருடம் கழித்தும் நன்றாக இருந்தார்கள். முதல் கேள்வி கேட்டவர் இதைக் கவனிக்கவும்.

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகன் ஒரு நாளைக்கு ஒரு சோப்பு கரைக்கிறான். யாரோ தொட்ட பேனா பட்ட நோட்டு பட்ட பை, அதுவும் அழுக்காம். "அம்மா, கை சுத்தம்தானே?" என்று நாற்பது தடவை கேட்கிறான். நானும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.

பதில்: பேனா, நோட்டு, பை என்ற அந்தச் சங்கிலியை 2004-இல் அமெரிக்காவில் சோதித்தார்கள். அழுக்கான பொருளில் ஒரு பென்சிலைத் தொட வைத்து, அந்தப் பென்சிலால் அடுத்ததை என்று பன்னிரண்டு வரை போனார்கள். மற்றவர்களுக்குச் சில பென்சில்களிலேயே அழுக்கு தீர்ந்துவிட்டது. ஓசிடி உள்ளவர்களுக்குப் பன்னிரண்டாவதிலும் தீரவில்லை. உங்கள் மகன் பிடிவாதம் பிடிக்கவில்லை, அவனுக்கு அப்படித்தான் தெரிகிறது.

நீங்கள் சொல்லும் "சுத்தம்தான்" அவனுக்கு இன்னொரு சோப்பு. அதைக் குறைக்க வேண்டும், ஆனால் நாளையிலிருந்து ஒரேயடியாக நிறுத்தி அவனைத் தவிக்கவிடாதீர்கள். ஓசிடிக்கான பேச்சு, பயிற்சிச் சிகிச்சை ஒன்று உண்டு, ஈஆர்பி என்று பெயர். 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளிடம் தொடங்கிய முறை: பயப்படுவதைத் தொட வைப்பது, பிறகு கழுவவிடாமல் கூட இருப்பது. பதற்றம் ஏறும், பொறுத்தால் தானாக இறங்கும். பட்டியல் போட்டு, சுலபமானதிலிருந்து, பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. தேவைப்பட்டால் மனநல மருத்துவர் ஃப்ளுவாக்ஸெடின் போன்ற மாத்திரையும் தருவார். அதன் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். இரண்டாம் வாரத்தில் நிறுத்திவிட்டு வந்து என்னிடம் சண்டை போடுகிறவர்கள் நிறைய.

எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். அதுவரை அவன் கேட்கும்போது, "இது அந்த ஓசிடி கேட்கிற கேள்விடா, இதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. வா, சாப்பிடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் நாள் கத்துவான்.