நேரம் போதவில்லை என்பவர்களுக்கு: வேலையை நேரம் பார்த்து அளந்தவரின் பதில்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர் பகுதிக் காலணி ஏற்றுமதி ஆலைகளில் உற்பத்தித் திட்டமிடலிலும் நேர ஆய்விலும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வேலைக்குச் செல்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். ஸ்டாப் வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வேலை எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். மன உறுதி, வாழ்க்கை வெற்றி ஆகியவை பற்றிக் கேட்டவர்களுக்கு எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

கேள்வி (வங்கி அதிகாரி, குடியாத்தம்): தினமும் காலையில் பத்து வேலைகளைப் பட்டியலிடுகிறேன், மாலைக்குள் ஐந்துகூட முடிவதில்லை. எட்டு மணி நேரத்தையும் அரை மணிக் கட்டங்களாகப் பிரித்து எழுதியும் பயனில்லை. எங்கே தவறுகிறேன் ஐயா?

பதில்: எட்டு மணி நேரத்தையும் பிரித்து எழுதியதில்தான். காலணியின் மேற்பகுதியான அப்பர் ஒன்றைத் தைக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளந்த பிறகு, அந்த நிமிடங்களை அப்படியே இலக்காக எந்த ஆலையும் வைப்பதில்லை. தண்ணீர் குடிக்கவும், கழிப்பறைக்குச் செல்லவும், களைப்பாறவும் ஒரு பங்கைச் சேர்த்த பிறகே இலக்கை நிர்ணயிப்போம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பரப்பிய அட்டவணையில், எளிய வேலைக்கே ஆண்களுக்கு 9 சதவீதமும் பெண்களுக்கு 11 சதவீதமும் இவ்வாறு சேர்க்கப்படுகின்றன. நின்றுகொண்டு செய்வது, வெப்பம், இரைச்சல் ஆகியவற்றுக்குத் தனியே கூட்ட வேண்டும். தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கு ஆலை தரும் இந்தச் சலுகையைக்கூட நீங்கள் உங்களுக்குத் தந்துகொள்ளவில்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் எப்போது வருவார், மேலதிகாரி எப்போது அழைப்பார் என்பது உங்கள் கையில் இல்லை. எதிர்பாராமல் வந்து சேரும் வேலைகள் எப்படி வரிசையில் தேங்குகின்றன என்பதைக் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்பவர் 1909ஆம் ஆண்டிலேயே ஆராயத் தொடங்கினார். அவர் தொடங்கிவைத்த கணக்கின் எளிய வடிவம் இது: ஒரு வேலைக்குச் சராசரியாக 10 நிமிடம் ஆகும் என்று கொள்வோம். உங்கள் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், புதிதாக வரும் வேலை சராசரியாக 40 நிமிடம் காத்திருக்கும். 90 சதவீதம் நிரம்பியிருந்தால் 90 நிமிடம். 95 சதவீதம் என்றால் மூன்று மணி நேரத்துக்கும் மேல். வேலை சிறிதளவே கூடியும் தேக்கம் பல மடங்காகிறது. சென்ற மாதம் சமாளித்த வேலையோடு சிறிதளவே சேர்ந்த நிலையில் இந்த மாதம் மூச்சுத் திணறுவதன் காரணம் உங்கள் சோம்பல் அன்று, இந்தக் கணக்குதான்.

மூன்றாவதாக, ஒரு வேலைக்கு நாம் போடும் நேர மதிப்பீடு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற உளவியலாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று மதிப்பிட்ட மாணவர்கள் அதை முடிக்க எடுத்துக்கொண்டவை சராசரியாக 55 நாட்களுக்கு மேல். ஆகவே "இது எவ்வளவு நேரம் ஆகும்" என்று உங்களைக் கேட்டுக்கொள்ளாமல், "சென்ற முறை எவ்வளவு நேரம் ஆயிற்று" என்று குறிப்பேட்டைப் பாருங்கள். குறிப்பேடு இல்லையென்றால் இரண்டு வாரம் தொடக்க நேரத்தையும் முடிந்த நேரத்தையும் மட்டும் எழுதி வாருங்கள். அதன் பிறகு நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கான வேலையை மட்டும் பட்டியலிடுங்கள். மீதி தானாக நிரம்பும். எந்த நாளையும் விளிம்பு வரை நிரப்பாதீர்கள்.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர், வேலூர்): நேர நிர்வாகத்துக்குக் கைப்பேசியில் எந்தச் செயலி சிறந்தது?

பதில்: ஏற்கெனவே உங்கள் கைப்பேசியில் இருப்பது. மேசை நாட்குறிப்பு அதைவிட நல்லது. அதில் அறிவிப்பு மணி ஒலிக்காது.

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியை, ஆரணி): தேர்வுக் காலத்தில் விடைத்தாள் திருத்துவதற்காக அதிகாலை நான்கு மணிக்கு எழலாம் என்று நினைக்கிறேன். இரவு பதினொன்றுக்குத்தான் படுக்க முடிகிறது. இது சரியா?

பதில்: ஒன்பது மணிக்குப் படுப்பவர் நான்கு மணிக்கு எழுவதில் எனக்கு மறுப்பில்லை. பதினொன்றுக்குப் படுப்பவர் நான்கு மணிக்கு எழுந்தால் அதற்குப் பெயர் தூக்கத்தைத் திருடுவது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. தூக்கம் குறைந்தவர் கூட்டல் பிழை செய்வார், பிறகு மறுகூட்டலுக்கு உட்கார்வார். சேமித்த நேரம் அங்கே போய்விடும்.

எழும் நேரத்தை விட்டுவிட்டுத் திருத்தும் முறையை மாற்றிப் பாருங்கள். ஒரு மாணவரின் தாளை முழுமையாகத் திருத்திவிட்டு அடுத்த தாளுக்குப் போவதற்குப் பதிலாக, எல்லாத் தாள்களிலும் முதலாம் வினாவை மட்டும் திருத்துங்கள், பின்னர் இரண்டாம் வினா. ஒரு மாடலிலிருந்து வேறொரு மாடலுக்குத் தையல் லைனை மாற்றும்போதெல்லாம் கை பழகும் வரை உற்பத்தி சரியும் என்பதால், ஒரே மாடலைச் சேர்த்து ஓட்டவே நாங்கள் பாடுபடுவோம். மனத்துக்கும் இது பொருந்தும்: முடிக்காமல் விட்ட முந்தைய வேலையின் எச்சம் கவனத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த வேலையைக் கெடுக்கிறது என்று நிர்வாகவியல் ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் எழுதினார். உங்கள் விஷயத்தில் கூடுதல் லாபமும் உண்டு. ஒரே வினாவின் விடைகளை அடுத்தடுத்துப் படிக்கும்போது மதிப்பெண்ணும் ஏறுமாறாக விழாது.

கேள்வி (செவிலியர், வேலூர்): பகல், மாலை, இரவு என்று பணிமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. எப்படித் திட்டமிடுவது?

பதில்: பணி அட்டவணையில் உங்கள் கருத்துக்கு இடம் இருந்தால், பகலிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து இரவுக்கும் என முன்னோக்கி நகரும் சுழற்சியைக் கேளுங்கள், பின்னோக்கி நகர்வதைவிட உடல் அதற்கு எளிதில் பழகும். இரவுப் பணியின் பின்பாதியில் காபி வேண்டாம். அதன் வீரியம் பாதியாகவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லையென்றால் அது மருத்துவரிடம் கேட்க வேண்டியது; நீங்கள் வேலை செய்யும் கட்டடத்திலேயே அவர் இருப்பார்.

கேள்வி (மென்பொருள் ஊழியர், காட்பாடி): சீசன் டிக்கெட்டில் தினமும் சென்னை சென்று வருகிறேன். ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம். ரயிலிலேயே லேப்டாப்பைத் திறந்து மின்னஞ்சல்களை முடித்துவிடுகிறேன். இது புத்திசாலித்தனமா, நிறுவனத்துக்கு இலவச உழைப்பா? உடன் வரும் நண்பர் என்னைக் கேலி செய்கிறார்.

பதில்: ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்லுங்கள்: ரயிலில் முடித்த வேலைக்கு ஈடாக அலுவலகத்திலிருந்து அத்தனை நேரம் முன்னதாகக் கிளம்புகிறீர்களா? கிளம்பினால் நீங்கள் புத்திசாலி. இல்லையென்றால் உங்கள் நண்பர். கிடைக்கும் நேரம் முழுவதையும் நிரப்பும் வரை வேலை விரிந்துகொண்டே போகும் என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பார்கின்சன் 1955இல் எழுதியது அரசு அலுவலகங்களைப் பற்றி என்றாலும், மின்னஞ்சலுக்கு அது இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. காலை ஏழு மணிக்கே பதில் அனுப்புபவருக்கு ஏழரைக்குள் மறுகேள்வி வந்துவிடும். ரயிலில் வேலை செய்தே ஆக வேண்டுமென்றால், படிக்க வேண்டியதைப் படியுங்கள், எழுத வேண்டியதை வரைவாக எழுதுங்கள். அனுப்புவதை அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கணக்காளர், அரக்கோணம்): மன்னிக்கவும் ஐயா, இந்த அறிவுரை உட்கார இடம் கிடைத்தவர்களுக்கானது. பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் நிரம்பி வரும் வண்டிகளில் கதவருகே நின்றுகொண்டு வருபவனுக்கு வரைவு எழுத எங்கே வழி? பயண நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும் என்று எழுதுவதை விட்டுவிட்டு, அதில் இன்னும் எப்படி வேலை செய்வது என்று சொல்லிக்கொடுக்கிறீர்களே!

பதில்: நின்றுகொண்டு வருபவர் வேலை செய்ய வேண்டும் என்று நான் எங்கும் எழுதவில்லை. பயணம் அந்த வேலைக்காகும் செலவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டிலிருந்து அலுவலகம் வரை வரும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட்டுச் சம்பளம் தரும் வழக்கம் இங்கே இல்லை; இல்லாத ஒன்றை நம்பி நாளைத் திட்டமிட முடியாது. நீங்கள் பேரம் பேசக்கூடியவை இரண்டு: வாரத்தில் ஓரிரு நாள் வீட்டிலிருந்து வேலை, அல்லது நெரிசல் குறைந்த வண்டிக்கு ஏற்ற வருகை நேரம். இரண்டாவதை மேலாளர்கள் எளிதில் ஒப்புக்கொள்வார்கள், அவர்களுக்கு அதில் செலவில்லை.

கேள்வி (வாலாஜா ரோடு பயணி): லேப்டாப் ஆசாமிகள் எங்கள் சீட்டுக்கட்டைப் பார்த்து முறைக்கிறார்கள். நாள் முழுவதும் எங்களுக்கென்று இருப்பது அந்த ஒன்றரை மணி நேரம்தான். அதையும் 'பயனுள்ளதாக' மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், ஆடுங்கள். குரலை மட்டும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்; உங்களுக்கு எதிரே ஒருவர் இரவுப் பணி முடிந்து தூங்கிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி (மீண்டும் காட்பாடி நண்பர்): ரயிலில் வேலையை முடிக்காவிட்டால் அலுவலகத்தில் இரவு எட்டு மணி ஆகிவிடும். முடித்துவிட்டு வருவதால்தான் ஏழு மணிக்காவது கிளம்புகிறேன்.

பதில்: போக வர நான்கு மணி நேரம் உழைத்து ஒரு மணி நேரம் மிச்சப்படுத்துகிறீர்கள். இந்த விகிதத்தில் ஓர் ஆலை ஓடினால் மூடிவிடச் சொல்வேன். உங்களிடம் ஓர் ஆளுக்கு மேற்பட்ட வேலை இருக்கிறது. அதை ரயிலில் ஒளித்து வைத்திருப்பதால் அது மேலாளரின் கண்ணுக்குப் படவில்லை. ஒரு மாதம் ரயிலில் லேப்டாப்பைத் திறக்காமல் இருந்து, எது தேங்குகிறது என்பதைப் பட்டியலிட்டு அவரிடம் காட்டுங்கள். ரயில் விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி (திருப்பத்தூர்): 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்ற பொமொடோரோ முறை பயன்படுமா? அதற்கு எந்தச் செயலி?

பதில்: இத்தாலிய மாணவர் ஒருவர் 1980களின் இறுதியில் தக்காளி வடிவச் சமையல் கடிகாரத்தை வைத்துத் தொடங்கிய முறை அது. தொடங்கவே மனம் வராத வேலைக்கு உதவும். செயலி பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (ஸ்டிச்சிங் பிரிவுத் தொழிலாளி, ஆம்பூர்): ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறேன். மாலையில் திரும்பியதும் மறுபடி அடுப்படி. எனக்கு நேரத்தை எப்படி மிச்சப்படுத்துவது என்று சொல்லுங்கள் சார்.

பதில்: அம்மா, உங்களிடம் வீணாகும் நேரம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. காய்கறியை இரவே நறுக்கி வையுங்கள் என்று எழுதலாம். அதை நீங்கள் எப்போதோ செய்யத் தொடங்கியிருப்பீர்கள். மத்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அவ்வேலையில் கைவைக்கும் ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டே இந்தக் கணக்கு, கைவைக்காதவர்களே பெரும்பான்மை. ஒரு லைனில் ஒருவரிடம் மட்டும் வேலை குவிந்து மற்றவர் கைகட்டி நின்றால், குவிந்தவரை வேகமாகத் தைக்கச் சொல்ல மாட்டோம். வேலையைப் பிரித்துக் கொடுப்போம். ஆகவே இந்தப் பதிலை உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். 'உதவி' என்று கேட்காமல், காலைச் சிற்றுண்டி அல்லது பாத்திரம் என்று முழு வேலை ஒன்றை அவர் பொறுப்பில் விடுங்கள். முதல் வாரம் உப்பு கூடுதலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை சிப்காட்): தினமும் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குகிறார்கள், ஓவர்டைம் பணமும் இல்லை. நேரத்தை எப்படிச் சமாளிப்பது?

பதில்: இது நேர நிர்வாகம் பற்றிய கேள்வியே இல்லை. கூடுதல் நேரத்துக்கு இருமடங்கு ஊதியம் என்பது சட்டம். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளித்து 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தமும் எதிர்ப்பு எழுந்தபின் திரும்பப் பெறப்பட்டது. வருகைப் பதிவின் நகலோடு தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் துறை அலுவலகத்தையோ அணுகுங்கள்.

கேள்வி (சோளிங்கர்): முக்கிய வேலைகளை ராகு காலத்தில் தொடங்கலாமா?

பதில்: அது என் துறை அன்று. வேலூர்ப் பக்கத்து மே மாதத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குத் தலை சூடாகும் கணக்கு வேலை எதையும் தொடங்காதீர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கேள்வி (மருந்து விற்பனைப் பிரதிநிதி, வேலூர்): மேலாளர் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்புகிறார். உடனே பதில் சொல்லாவிட்டால் தவறாக நினைப்பாரோ என்று பயம். இதற்கெனத் தனிச் செயலி உண்டா?

பதில்: செயலி, செயலி, செயலி! உங்கள் மேலாளரும் உங்களைப் போலவே நாளை விளிம்பு வரை நிரப்பியவர். மறந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் நினைவுக்கு வந்ததை இரவில் அனுப்பிவைக்கிறார். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அவரே அன்றிரவு விடை எதிர்பார்ப்பதில்லை. தினமும் மாலை ஆறு மணிக்கு, அன்று பார்த்த மருத்துவர்கள், பெற்ற ஆர்டர்கள், மறுநாள் செல்லும் ஊர் ஆகியவற்றை நான்கு வரியில் நீங்களே முந்திக்கொண்டு அனுப்பிவிடுங்கள். கேள்விகளில் பாதி எழாமலே போகும். மீதிக்கு, "காலை ஒன்பது மணிக்குள் விவரம் அனுப்புகிறேன் சார்" என்று ஒரு வரி போதும். அந்த ஒன்பது மணியை ஒருநாளும் தவறவிடாதீர்கள். உண்மையான அவசரம் என்றால் அவர் தொலைபேசியில் அழைப்பார், அப்போது எடுத்துப் பேசுங்கள்.