சிலை மாதிரி இருக்கிற கதிரை மேசையள் பாவிக்கவோ, பாக்கவோ?

சிற்பம் மாதிரிச் செய்யிற கதிரை மேசையளை உண்மையில பாவிக்கலாமோ, இல்லாட்டி சும்மா வச்சுப் பாக்கத்தானோ எண்டு கேட்டிருக்கிறியள். ரெண்டும்தான், ஆனா ஒவ்வொண்டிலயும் அளவு வேற.

நொகுச்சி மேசையை எடுங்கோ. இசாமு நொகுச்சி ஒரு சிற்பி, ஹெர்மன் மில்லர் கொம்பனி 1947ல இந்த மேசையை விக்கத் தொடங்கினது. ஒரே வடிவத்தில ரெண்டு வளைஞ்ச மரத்துண்டு, ஒண்டைத் தலைகீழாப் பிரட்டி மற்றதோட பொருத்தியிருக்கும், மேல தடிப்பான கண்ணாடி தன்ர பாரத்திலயே அசையாமக் கிடக்கும். கண்ணாடி எண்டபடியா கீழ இருக்கிற சிற்பமும் தெரியும், மேல தேத்தண்ணியும் வைக்கலாம். எனக்கு இதுதான் உச்சம்.

மற்றப் பக்கம் அவுஸ்திரேலிய வடிவமைப்பாளர் மார்க் நியூசன்ர லொக்ஹீட் லவுஞ்ச் எண்ட சாய்வு இருக்கை. பைபர்கிளாஸ் உடம்பு, அதுக்கு மேல அலுமினியத் தகடுகளை றிவெற் அடிச்சுப் பொருத்தினது. செய்தது கொஞ்சம்தான், 2015ல லண்டன் ஏலத்தில ஒண்டு 24 லட்சம் பவுணுக்கு மேல போனது. அது கலைப்பொருளின்ர விலை, கதிரையின்ர விலை இல்லை.

எங்கட சாய்மனைக் கதிரையையும் இந்த வரிசையில வைக்கவேணும் எண்டுதான் நான் சொல்லுவன். இணுவில் வீட்டு விறாந்தையில அம்மப்பான்ர முதிரைக் கதிரை இருக்கு, கைப்பலகை முன்னுக்கு நீண்டு போகும், காலைத் தூக்கிப் போடத்தான் அந்த நீளம், ஆனா முனையைத் தச்சாசாரி வாழைப்பூ மடல் மாதிரி மெல்லிசா வளைச்சு இழைச்சிருக்கிறார், கை பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் பளபளக்குது.

வாங்கிறதெண்டா முதல்ல அரை மணித்தியாலம் அதில இருந்து பாருங்கோ.