வளாகத்தின் வாசல் எந்தப் பக்கம்?

கேள்வி: எங்கள் புறநகர்ச் சாலையில் பெரிய வணிக வளாகம் திறந்ததிலிருந்து சனி, ஞாயிறு மாலைகளில் வண்டிகள் நகர்வதே இல்லை. சாலையை இருமடங்கு அகலப்படுத்தி, வளாகத்தின் பார்க்கிங்கையும் பெரிதாக்கினால் தீர்ந்துவிடும் சிக்கலுக்கு, பொதுப் போக்குவரத்து பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு? கைநிறையப் பைகளோடு யார் பஸ் ஏறப் போகிறார்கள்?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு வைத்தியமும் பல ஊர்களில் செய்து பார்த்தவைதான். அகலப்படுத்திய சாலை தொடக்கத்தில் காலியாகத் தெரியும். நெரிசலுக்குப் பயந்து வேறு நேரத்தில் போனவர்கள், சுற்றுவழியில் போனவர்கள், வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் என எல்லோரும் அதைக் கண்டு ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்வார்கள். அமெரிக்கப் பொருளியலாளர் ஆந்தனி டவுன்ஸ் இதை 1962-லேயே எழுதிவிட்டார். ஹூஸ்டன் நகரின் கேட்டி நெடுஞ்சாலை, சில இடங்களில் பக்கச் சாலைகளையும் சேர்த்து 26 தடங்கள் வரை விரிக்கப்பட்டு 2008-ல் முடிந்தது. சில ஆண்டுகளுக்குள் உச்ச நேரப் பயணத்துக்குப் பிடிக்கும் நேரம் மீண்டும் கூடத் தொடங்கியது.

அதிலும் வணிக வளாகத்து நெரிசலுக்குச் சாலையின் அகலம் பெரும்பாலும் காரணமே இல்லை. பார்க்கிங் வாயிலில் சற்று நேரம் நின்று பாருங்கள். கண்ணாடியை இறக்கி, கையை நீட்டி, சீட்டை எடுத்து, தடுப்புக் கம்பி உயரும் வரை காத்திருந்து ஒரு வண்டி உள்ளே போகப் பத்து வினாடிதான் ஆகிறது என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு வாயில் மணிக்கு 360 வண்டிகளுக்கு மேல் ஏற்காது. மிஞ்சிய வண்டிகள் சாலையில் நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால், வளாகத்தின் பக்கமே திரும்பாமல் நேராகப் போக வேண்டியவர்களும் நிற்கிறார்கள். சாலை எட்டுத் தடமானாலும் வாயில் அதே வாயில்தான்.

சரி, வாயில்களைக் கூட்டி பார்க்கிங்கைப் பெரிதாக்கலாம் என்பீர்கள். ஆயிரம் சதுர அடிக் கடைப் பரப்புக்கு நான்கைந்து கார்களுக்கான இடம் என்பது அமெரிக்கப் புறநகர்களில் நெடுங்காலம் நிலவிய வழக்கமான அளவு. உள்ளே வந்து திரும்பும் பாதையையும் சேர்த்தால் ஒரு காருக்கு ஏறத்தாழ 300 சதுர அடி வேண்டும்; அதாவது கடையைவிடக் கார் நிற்கும் இடம் பெரிதாகிவிடுகிறது. அந்த இடத்தின் செலவை யாரோ கொடுத்தாக வேண்டுமே! இலவச பார்க்கிங்கின் செலவு கடை வாடகையிலும் பொருளின் விலையிலும் கலந்து, காரே இல்லாதவர் தலையிலும் விழுகிறது என்பதைத் தம் வாழ்நாள் ஆய்வாகவே விளக்கியவர் பேராசிரியர் டொனால்ட் ஷூப். பஸ்ஸில் வந்து சட்டை வாங்குபவர், உங்கள் கார் நிற்கும் இடத்துக்கும் சேர்த்தே பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகத் தெரிவது வேறொன்று. முன்புறம் முழுவதும் பார்க்கிங் என்று ஆனதும் கட்டடம் சாலையை விட்டுப் பின்வாங்கிவிடுகிறது. பஸ்ஸில் வருபவர் நிறுத்தத்தில் இறங்கி, நடைபாதை இல்லாத ஓரத்தில் நடந்து, பின்னோக்கி வரும் கார்களுக்கு நடுவே குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, வெயிலிலோ மழையிலோ சில நூறு மீட்டர் போக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் பஃபலோ நகரையொட்டிய வணிக வளாகம் ஒன்றில், நகரின் உட்பகுதியிலிருந்து வரும் பேருந்துத் தடத்துக்கு அப்போது வளாகத்துக்குள் நிறுத்தம் இருக்கவில்லை. 1995-ல், அங்கே வேலைக்கு வந்த இளம்பெண் ஒருவர் ஏழு தடச் சாலையைக் கடக்கும்போது லாரி மோதிப் படுகாயமடைந்து, சில வாரங்களில் இறந்தார். அதையொட்டித் தொடுக்கப்பட்ட வழக்கு 1999-ல் சமரசத்தில் முடிந்தது. கட்டடம் கட்டுபவர் இவ்வளவு கார் இடம் விட்டே ஆக வேண்டும் என்ற விதியை பஃபலோ நகரம் 2017-ல் எடுத்துவிட்டது.

அதற்காக எல்லா பஸ்ஸையும் வளாகத்துக்குள் திருப்பிவிடச் சொல்பவன் அல்ல நான். தடம் உள்ளே போய்ச் சுற்றி வெளியே வரும் ஒவ்வொரு முறையும், மேற்கொண்டு போக வேண்டிய பயணிகள் அத்தனை பேரும் சில நிமிடங்களை இழக்கிறார்கள். நாளடைவில் அவர்களும் வண்டி வாங்கிவிடுவார்கள். பஸ்ஸை உள்ளே இழுப்பதைவிட, வாசலைச் சாலையோரத்துக்குக் கொண்டுவந்து பார்க்கிங்கைப் பின்புறம் தள்ளுவதே முறை. ரயில் நிலையங்களோடு சேர்த்தே கடைகளையும் கட்டும் ஹாங்காங்கில் இதற்கென்று தனி ஏற்பாடு எதுவும் தேவைப்படுவதில்லை.

பைகளைப் பற்றிக் கேட்டீர்கள். படம் பார்க்கவும் சாப்பிடவும் சும்மா சுற்றிவரவும் வருபவர்களின் கையில் என்ன பை இருக்கிறது? குளிர்சாதனப் பெட்டி வாங்குபவர் அதைக் காரிலும் ஏற்றிக்கொண்டு போவதில்லை, கடைக்காரரே வீட்டில் இறக்கிவிடுகிறார். உங்கள் கேள்வியில் இடம்பெறாதவர்கள் அங்கே வேலை செய்பவர்கள். கடை மூடிய பிறகு கணக்கு முடித்து, தரை துடைத்து அவர்கள் வெளியே வரும்போது கடைசி பஸ் போயிருக்கும். ஆகவே அவர்களில் பலர் கடன் வாங்கியாவது இரு சக்கர வண்டி வாங்குகிறார்கள். அதற்கும் பார்க்கிங்கில் இடம் வேண்டும்.

இருக்கிற வளாகத்தில் வார இறுதி மாலைகளுக்கு மட்டுமாவது பார்க்கிங் கட்டணம் வைத்து, அந்த வருமானத்தில் பஸ்களைக் கூட்டச் சொல்லலாம். வியாபாரிகள் முதலில் எதிர்ப்பார்கள் என்பதும் தெரிந்ததுதான். அடுத்த வளாகத்தின் வரைபடம் உள்ளாட்சி மன்றத்துக்கு வரும்போது, எத்தனை கார் நிற்கும் என்று கேட்பதற்கு முன்னால், நிறுத்தத்திலிருந்து வாசலுக்கு எத்தனை மீட்டர், அந்த வழியில் நிழலும் விளக்கும் உண்டா, இரவு கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கட்டிய பிறகு வாசலை நகர்த்த யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.