தசை வளர்வதும் உடம்பு சீனியை எரிப்பதும் ஒரே விஷயமா?

கேள்வி இதுதான்: வளர்ச்சிக் காரணிகள் தசைக் கலங்களை வளர்க்கின்றன என்று உயர்தர உயிரியலில் படிக்கிறோம், அதற்கும் உடம்பு சீனியைப் பயன்படுத்துவதற்கும் தொடர்பு உண்டா, ஜிம்மில் சொல்கிற ஐ.ஜி.எஃப் (இன்சுலினைப் போன்ற ஒரு வளர்ச்சிக் காரணி) ஊசி நல்லதா?

தொடர்பு உண்டு என்று மட்டும் சொன்னால் போதாது, ரெண்டும் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் நடக்கின்றன. வளர்ச்சி ஓர் அலகு, அனுசேபம் (உடம்பு உணவை மாற்றிப் பயன்படுத்துவது) இன்னோர் அலகு என்று பிரித்துப் படிப்பதால்தான் வேறு வேறாகத் தெரிகிறது.

முதலில் வளர்ச்சி. தசை நாருக்குள் இருக்கும் கருக்கள் இனிப் பிரியாது. புதுக் கரு வேண்டுமென்றால் நாரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும் சட்டலைட் கலங்கள் விழிக்க வேண்டும், 1961இல் அலெக்சாண்டர் மவுரோ இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொன்னவை அவை. நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை போய் வந்தவர்களுக்குத் தெரியும், அன்றைக்கு ஒன்றும் இருக்காது, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் தொடை பிடித்துக்கொள்ளும். அதற்கு முக்கியக் காரணம் ஏற்றம் இல்லை, இறக்கம். படி இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே இறுக வேண்டியிருப்பதால் நார்களில் நுண்ணிய சேதம் உண்டாகிறது, அந்த இடத்தில் எச்.ஜி.எஃப், எஃப்.ஜி.எஃப் போன்ற காரணிகள் வெளிவந்து சட்டலைட் கலங்களை எழுப்பிப் பெருக வைக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. இந்தக் காரணிகள் பலமாக இருக்கும்வரை கலங்கள் பெருகிக்கொண்டே இருக்கும், தசையாக மாறாது. ஆய்வுகூடத்தில் சி2சி12 என்ற எலித் தசைக் கலங்களை வளர்ச்சிக் காரணிகள் நிறைந்த கன்றுச் சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) 10 சதவீதம் ஊற்றி வளர்ப்பார்கள், பிறகு அதை 2 சதவீதக் குதிரைச் சீரமாகக் குறைத்தால் சில நாட்களில் கலங்கள் ஒன்றோடொன்று இணைந்து நீளக் குழாய்களாகிவிடும். அதாவது தசையாவதற்குப் பல காரணிகள் விலக வேண்டும். ஐ.ஜி.எஃப்-1 மட்டும் இதில் தனி ரகம், பெருகவும் வைக்கும், தசையாக மாறவும் உதவும். தசை அளவுக்கு மீறாமல் அடக்கி வைக்கும் மயோஸ்டாடின் என்ற காரணியும் உண்டு, 1997இல் எலியில் அதன் மரபணுவை நீக்கியபோது தசை இரண்டு மூன்று மடங்கு பெருத்தது.

சரி, சீனிக்கு வருவோம். ஐ.ஜி.எஃப்-1இன் வாங்கியும் (கலத்தின் மேல் இருந்து அதன் செய்தியைப் பெறும் புரதம்) இன்சுலின் வாங்கியும் நெருங்கிய உறவு. ரெண்டும் கலத்துக்குள் ஏ.கே.டி என்ற நொதியத்தைத் தூண்டுகின்றன. அது எம்டோர் என்ற இன்னொரு நொதியம் வழியாகப் புரதம் கட்டச் சொல்கிறது, சிதைக்கும் மரபணுக்களை இயக்கும் ஃபாக்ஸோ என்ற புரதத்தைத் தடுத்துப் புரதம் சிதைவதைக் குறைக்கிறது. அதே ஏ.கே.டிதான் குளூட்-4 என்ற கடத்திகளைக் கலமென்சவ்வுக்கு அனுப்பிக் குளுக்கோசை உள்ளே எடுக்க வைக்கிறது, கிளைக்கோசனாகச் சேமிக்கவும் வைக்கிறது. கட்டுவதற்கான கட்டளையும் அதற்குத் தீனி எடுக்கும் கட்டளையும் சேர்ந்தே போகின்றன.

தசை இழுத்துச் சுருங்கும்போது இன்சுலின் இல்லாமலேயே குளூட்-4 மேலே வரும், இது வேறு வழி. எங்கள் அப்பாயி தேயிலைக் கொழுந்து பறித்த காலம் முழுக்கக் கோதுமை மா ரொட்டிதான் சாப்பாடு, சீனி வருத்தம் வந்தது வேலையை விட்டு லயத்து வீட்டில் உட்கார்ந்த பிறகு. வயதும் பரம்பரையும் சேர்ந்துதான் வரும், அவர் ஒருவரை வைத்து முடிவு கட்டக் கூடாது, ஆனால் மலை ஏறி இறங்கிய கால்கள் ஓய்ந்தால் அந்த இரண்டாவது வழியும் ஓய்கிறது, தசையும் கரைகிறது, அதே ரொட்டியின் குளுக்கோசு போவதற்கு இடம் குறைகிறது. அதனால் வேலையை விட்ட பெரியவர்களை நடக்க விடுங்கள், பாவம் உட்காரட்டும் என்று கதிரையில் வைத்துவிடாதீர்கள், பருப்பும் முட்டையும் சாப்பாட்டில் இருக்கட்டும்.

ஊசி வேண்டாம். ஐ.ஜி.எஃப்-1 குறைபாட்டால் வளராத பிள்ளைகளுக்கு அதை மருந்தாகக் கொடுக்கிறார்கள், அங்கேயே பெரிய பயம் இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கிவிடுவதுதான், அதனால் சாப்பாட்டை ஒட்டித்தான் போடுவார்கள். விளையாட்டுப் போட்டிகளிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். ஜிம்மில் யார் கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீர்கள் தம்பி.