'பஸ்' எந்த ஊர்ச் சொல்? கேள்வி பதில்

கேள்வி: பஸ் லத்தீன் சொல்லாமே? ரோமானியர் காலத்தில் பஸ் ஏது?

பதில்: வண்டி இல்லை, சொல் இருந்தது. 'ஓம்னிஸ்' என்றால் 'எல்லா'. அதன் பன்மை நான்காம் வேற்றுமையில் 'ஓம்னிபுஸ்', அதாவது 'எல்லோருக்கும்'. இதில் பொருள் இருப்பது 'ஓம்ன்' என்ற பகுதியில். '-இபுஸ்' வெறும் விகுதி. உலகம் பகுதியைக் கழற்றிவிட்டு விகுதியில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது. நாம் 'பஸ்ஸுக்கு நேரமாச்சு' என்னும்போது அந்த நான்காம் வேற்றுமைமேல் இன்னொரு நான்காம் வேற்றுமை!

கேள்வி: வண்டிக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? தொப்பிக்கடைக் கதை உண்மையா?

பதில்: பிரான்சில் நான்ட் நகரம், 1826. ஸ்தனிஸ்லாஸ் போத்ரி என்பவர் தன் மாவு மில்லின் நீராவி இயந்திரத்தில் மிஞ்சிய வெந்நீரை வைத்துக் குளியல்கூடம் நடத்தினார். அங்கே ஆள் கூட்டிவரக் குதிரை வண்டி விட்டார். குளிக்க வந்தவர்களைவிட வழியில் ஏறி இறங்கியவர்களே அதிகம். சரி, காசு இதில்தான் என்று வண்டித் தொழிலுக்கே வந்துவிட்டார். வண்டி நின்ற இடத்தில் ஓம்னேஸ் என்ற தொப்பிக்காரர் 'ஓம்னேஸ் ஓம்னிபுஸ்' ('ஓம்னேஸ், எல்லோருக்கும்') என்று பலகை மாட்டியிருந்ததாகவும், அதிலிருந்தே வண்டிக்குப் பெயர் வந்ததாகவும் சொல்வார்கள். ரசிக்கலாம், சான்றாக எடுக்க மாட்டேன்.

1828இல் வண்டி பாரிசுக்குப் போனது. 1829 ஜூலை 4 அன்று ஜார்ஜ் ஷில்லிபியர் லண்டனில் ஓட்டத் தொடங்கினார். 'ஓம்னிபுஸ்' என்ற சொல்லின் வாலை மட்டும் வைத்துக்கொண்டு 'பஸ்' ஆக்கியது ஆங்கிலேயர்.

கேள்வி: லத்தீனில் 'அலும்னுஸ் – அலும்னி' (மாணவர் – மாணவர்கள்) போல 'ஓம்னிபி' என்று பன்மை சொல்லலாமா?

பதில்: கூடாது. அது எழுவாய் ஒருமையில் '-உஸ்' வரும் பெயர்களுக்கு. இது ஏற்கெனவே உருபேற்ற பன்மை.

கேள்வி: மற்ற மொழிகளில் பன்மை?

பதில்: ஜெர்மனில் 'புஸ்', 'புஸ்ஸெ'. ஸ்பானிஷில் 'ஆவுதோபூஸ்', 'ஆவுதோபூசெஸ்'. இத்தாலியனில் 'ஆவுதோபுஸ்' ஒன்றானாலும் பத்தானாலும் அதேதான். எனக்குப் பிடித்தது அதுவே.

கேள்வி: அப்போ நம்ம ஆம்னி பஸ்?

பதில்: அதே ஓம்னிபுஸ்தான், நடுவில் இடைவெளி விட்டிருக்கிறோம். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, டிரைவர் போக ஆறு பேருக்கு மேல் ஏற்றுவதற்கான மோட்டார் வாகனம் ஆம்னிபஸ். அந்தக் கணக்கில் டவுன் பஸ்ஸும் ஆம்னிபஸ்தான். தீபாவளிக்குக் கட்டணம் ஏறும் தனியார் வண்டிக்கு மட்டும் என்றாக்கியது நம் பேச்சுவழக்கு.

கேள்வி: நான் எலெக்ட்ரீஷியன். பேனலில் உள்ள பஸ்பார்?

பதில்: அதுவும் இதுவே, 'ஆம்னிபஸ் பார்'. எல்லா சர்க்யூட்டுக்கும் பொதுவான கம்பி. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 'பஸ்' அங்கிருந்து போனது.