மருந்து கொடுத்தும் பன்றிக்குட்டிகளுக்குப் புழு போகவில்லை என்றால்

தம்பி, பூச்சி மருந்து கொடுத்து 2 மாதத்தில் பன்றிக்குட்டிகளுக்கு மறுபடி புழு விழுகிறது, இருமலும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மருந்தில் பிழை இல்லை, மண்ணில்தான். வட்டப்புழுவின் முட்டை ஈர நிலத்தில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். விழுங்கிய முட்டையிலிருந்து வரும் குஞ்சுப் புழு ஈரல், நுரையீரல் எல்லாம் சுற்றித்தான் குடலுக்கு வரும், இருமல் அதனால்தான். 6 - 8 வாரத்தில் அதுவும் முட்டையிடும். உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

எங்கள் பட்டியில் பாலை மரத்தடியில் தொட்டி கசிந்து எப்போதும் சேறு. பன்றிகள் படுப்பதும் கிண்டுவதும் அங்கேதான். தொட்டியைச் சீமெந்துத் தரைக்கு மாற்றி, சாணத்தைத் தினமும் அள்ளினோம். நிழல் வேண்டும்தான், சேறு வேண்டாம். எங்கள் வன்னிப் பகுதி வெயிலும் வறட்சியும் முட்டைக்கு எமன்; மாரி தொடங்க முன் செய்துவிடுங்கள்.

தாய்ப்பன்றிக்கு, குட்டி போட 2 வாரம் முன் மருந்து கொடுத்து, சவர்க்காரம் போட்டு மடியைக் கழுவிய பிறகே கொட்டிலுக்குள் விடுங்கள்.

இரத்தக் கழிச்சல் இருந்தால் சாட்டைப்புழு என்ற வேறு குடற்புழுவாக இருக்கலாம். ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து அதற்கு அவ்வளவு கேட்காது. சாணத்தை மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்து கொடுத்த பிறகு இறைச்சிக்கு விற்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.