ஆய்வேட்டில் பிறர் எழுத்தைச் சான்று காட்டாமல் சேர்த்தால் ஒரு மாணவருக்கு என்ன நேரும்?

முனைவர் பட்ட ஆய்வேட்டில் பிறர் எழுதியதைத் தம்முடையதாகச் சேர்த்துவிட்டால் என்ன தண்டனை கிடைக்கும் என்றும், 10 விழுக்காடு வரை பயப்பட வேண்டியதில்லை என்று நண்பர்கள் சொல்வது சரிதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். வேறொரு துறையில் எழுந்த கருத்துத் திருட்டுப் புகாரை விசாரித்த குழுவில், துறைக்கு வெளியிலிருந்து வர வேண்டிய மூத்த ஆசிரியராக ஒருமுறை அமர்ந்திருக்கிறேன். அங்கே கண்டதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் விதியைப் பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட ஒழுங்குமுறைதான் இந்தியாவில் இதற்கு அடிப்படை. ஒப்புமை, அதாவது ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி, 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால், 6 மாதங்களுக்கு மேற்படாத காலக்கெடுவுக்குள் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால், திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவே ஓராண்டுத் தடை. 60-ஐத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்தாகும். மீண்டும் அதே தவறில் பிடிபட்டால் ஒரு படி மேலான தண்டனை. பட்டம் வாங்கிய பிறகு தெரியவந்தாலும், அந்தப் பட்டத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்திவைக்க இதில் இடமுண்டு. வகுப்புக் கட்டுரைகளும் தேர்வு விடைத்தாள்களும் இந்த ஒழுங்குமுறைக்குள் வருவதில்லை. அவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் விதிகள்தான்.

அந்த 10 விழுக்காட்டை, கேட்பாரின்றி எடுத்துக்கொள்ளக் கொடுத்த பங்கு என்று பலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அது அப்படி அன்று. முறையாகச் சான்று காட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், சட்ட வாசகங்கள், தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொற்கள் வரையிலான தொடர்கள் ஆகிய அனைத்தையும் நீக்கிய பிறகுதான் ஒப்புமையைக் கணக்கிட வேண்டும் என்று அதே ஒழுங்குமுறை சொல்கிறது. அதாவது, நீங்கள் ஒரு பத்தியை மேற்கோள் குறிக்குள் வைத்து, யார் எழுதியது, எந்தப் பக்கம் என்று அடிக்குறிப்பில் எழுதிவிட்டால் அது கணக்கிலேயே வராது. இருந்தும், மேற்கோள் கூடினால் ஆய்வின் தரம் குறைந்துவிடும் என்று அஞ்சி அடிக்குறிப்பைத் தவிர்க்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களிடம் நான் நினைவூட்டுவது தொல்காப்பியரைத்தான். இலக்கணம் வகுத்தவரே நூற்பாவுக்கு நூற்பா ‘என்மனார் புலவர்’ என்று முன்னோரைச் சுட்டிச் செல்கிறார். அதனால் அவர் பெருமை எந்த வகையிலும் குறையவில்லை.

இனி நான் கண்ட நிகழ்வு. வைகைக் கரை ஊர்கள் சிலவற்றின் மண்பாண்டத் தொழிலைப் பற்றி ஒரு மாணவி ஐந்து இயல்களில் ஆய்வேடு எழுதியிருந்தார். ஒப்புமையைக் கண்டறியும் மென்பொருள் காட்டியது வெறும் 8 விழுக்காடு. நெறியாளர் கையொப்பமிட்டார், ஆய்வேடு புறத்தேர்வாளருக்குப் போனது. அவர் எழுதி அனுப்பிய அறிக்கையில் ஒரு சிறிய கேள்வி இருந்தது: இரண்டாம் இயலில் ‘களிமண் எடுக்கும் கண்மாய்களை வரைபடம் 7-இல் காண்க’ என்று இருக்கிறது, ஆய்வேட்டில் ஒரு வரைபடம்கூட இல்லையே? அந்த வரியைத் தேடிப்போனபோது, பல ஆண்டுகளுக்கு முன் அதே பொருளில் எழுதப்பட்ட வேறோர் ஆய்வேடு கிடைத்தது. அதில் வரைபடம் 7 இருந்தது. அந்தப் பழைய ஆய்வேடு, யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது, மென்பொருளுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரிந்திருக்கிறது. தமிழில் எழுதினால் பிடிபடாது என்ற நம்பிக்கை மாணவர்களிடையே உலவுவதற்கு இதுவே காரணம். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிச் சேர்த்துக்கொள்வதும் இதே நம்பிக்கையில்தான் நடக்கிறது. சான்று காட்டாவிட்டால் அதுவும் திருட்டுத்தான்.

குழுவில் நாங்கள் இரண்டு ஆய்வேடுகளையும் அருகருகே விரித்து வரிவரியாகப் பார்த்தோம். முதல் இரண்டு இயல்களும் ஏறத்தாழ முழுமையாகப் பழைய ஆய்வேட்டிலிருந்து வந்திருந்தன. 40 விழுக்காட்டைத் தாண்டியதால் ஓராண்டுத் தடை உறுதியானது. ஆனால் எனக்கு இன்றும் மனம் கனக்கச் செய்வது அந்தத் தடை அன்று. அவருடைய நான்காம் இயல் மிக அருமையானது. சூளை வைக்கும் நாள்களையும், வண்டிக்கு இவ்வளவு என்று மண்ணுக்குக் கொடுத்த விலையையும், தொழிலை விட்டுப் போன குடும்பங்களையும் நேரில் கேட்டு எழுதியிருந்தார். தம் தரப்பைச் சொல்ல வந்த அன்று ஆறு களக் குறிப்பேடுகளைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினார். தலைவர் அவற்றைப் புரட்டிவிட்டு, “இந்தப் பேட்டியெல்லாம் நீங்கதான் எடுத்தீங்கன்னு நாங்க எப்படிம்மா நம்புறது?” என்று கேட்டார். அந்தப் பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் பெரியவருக்கு இப்பவே போன் போட்டுத் தரேன் சார், நீங்களே கேளுங்க” என்றார். இரண்டு ஆண்டுகள் வெயிலில் அலைந்து சேர்த்த சொந்த உழைப்புக்குச் சாட்சி தேட வேண்டிய நிலை, வேறொருவரின் இரண்டு இயல்களால் வந்தது. விதியில் எழுதியிருக்கும் எந்தத் தண்டனையையும்விட இது கடுமையானது என்று நான் நினைக்கிறேன்.

ஓராண்டு என்பதும் சொல்வதற்குத்தான் சிறியது. இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மொத்தம் 5 ஆண்டுகளுக்குத்தான் உண்டு. 2022-ஆம் ஆண்டின் முனைவர் பட்ட விதிகளின்படி பொதுவான உச்சவரம்பு 6 ஆண்டுகள். அதற்கு மேல் வேண்டுமானால் மறுபதிவுக்கு அனுமதி கேட்டு நிற்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் இருக்கும் ஒருவருக்குத் தடை விதித்தால், உதவித்தொகையும் நின்று, அந்த ஆண்டு வரும் ஆசிரியர் பணி அறிவிப்புகளுக்கும் முனைவர் பட்டத்தைக் காட்டி விண்ணப்பிக்க முடியாமல் போகும்.

பட்டம் கைக்கு வந்துவிட்டால் யார் தேடப்போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஜெர்மனியின் அன்னெட்டே ஷாவானைச் சொல்லலாம். 1980-இல் அவர் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வேட்டை ஆராய்ந்து, 33 ஆண்டுகள் கழித்து, 2013 பிப்ரவரியில் டுஸ்ஸல்டோர்ஃப் பல்கலைக்கழகம் அந்தப் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. அப்போது அவர் அந்த நாட்டின் கல்வி, ஆராய்ச்சி அமைச்சர்; சில நாள்களிலேயே பதவி விலகினார். நம் ஊரிலும் ஆய்வேடுகள் இப்போது நூலக அலமாரியில் தூசி படிந்து கிடப்பதில்லை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இணையத்தில் தொகுத்து வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் ஏறிவிட்ட ஆய்வேட்டை யாரும், எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். இன்று மென்பொருளால் படிக்க முடியாத பழைய எழுத்துருவை நாளைய மென்பொருள் படித்துவிடும்.

உங்கள் ஆய்வேடு இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை என்றால், ஐயம் தரும் பத்திகளைக் குறித்துக்கொண்டு இந்த வாரமே நெறியாளரைப் பாருங்கள். அவர் கோபப்படலாம், இரண்டு மாதம் தாமதமாகலாம். ஆனால் சமர்ப்பிப்பதற்கு முன் அது வெறும் திருத்தம். சமர்ப்பித்த மறுநாள் முதல் அது விசாரணை. நான் சொன்ன மாணவி தடைக்காலம் முடிந்து, இரண்டு இயல்களையும் புதிதாக எழுதி, பட்டம் பெற்றுவிட்டார். திருத்திய ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் முதல் அடிக்குறிப்பே அந்தப் பழைய ஆய்வாளரின் பெயரோடுதான் தொடங்குகிறது. அவர் வரைந்த கண்மாய் வரைபடமும், யார் வரைந்தது என்ற குறிப்போடு, எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது.